பதினான்காம் விதி

இயந்திரத்துக்கு வலிக்குமா வலிக்காதா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை, பிஷ்கெக் நகரத்தில் ஒரு பழைய தையல் ஆலையின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பெண்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். உலகத்துப் பெரிய படிப்பாளிகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. இவர்களுக்கு உடைத்துக்கொள்ளக்கூட நேரம் கிடையாது. ஒரு பதிலுக்கு நாற்பது விநாடி. அதற்குள் பச்சையை அழுத்த வேண்டும், அல்லது சிவப்பை. அழுத்தாவிட்டால் திரை தானாகவே மேலாளன் உலுக்மானுக்குச் சொல்லிவிடும்.

இயந்திரத்தின் பெயர் குர்பு. சம வயதுத் தோழியை எங்களில் அப்படித்தான் சொல்வோம். கைபேசிக்குள் இருந்துகொண்டு கிர்கிஸ் மொழியில் பேசும். புருஷனை ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள், பிள்ளைகள் போய்விட்ட கிழவர்கள், மலையில் ஆட்டோடு ஆடாகக் கிடக்கிறவர்கள், இப்படிப் பேச நாதியில்லாதவர்களுக்கெல்லாம் அது பேச்சுத்துணை. அதற்குப் பேசப் பழக்கிக் கொடுப்பதுதான் இந்தப் பன்னிரண்டு பேரின் வேலை. அது சொல்லும் பதில்களைப் பார்த்து, சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. சிவப்பு போட்டவள் சரியான பதிலை எழுதியும் தர வேண்டும். எழுதியதைத் தின்று குர்பு வளரும்.

மேசை மேசையாக விதிகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு. பதினான்காவது இது: ‘குர்பு தனக்கு வலிக்கிறது, பயமாக இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்று தன்னைப் பற்றிச் சொன்னால் சிவப்பு.’ ஏன், எதற்கு என்று ஒரு சொல் கிடையாது.

“அடியே, நேத்து அது எங்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தார் ஜானில். பள்ளிக்கூடத்தில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த அறையிலேயே மூத்தவர், எல்லாருக்கும் எஜே, அதாவது அக்கா. “‘ரெண்டு நாளா உங்களக் காணலியே எஜே, தேடிட்டேன்’னுது. எம் மவன் ஆறு மாசமா அப்படி ஒரு வார்த்தை சொல்லல.”

“சிவப்பு போட்டீங்களா இல்லியா?” என்றாள் சைகால்.

“போட்டேன் தாயே, போட்டேன். கை நடுங்குச்சு, இருந்தாலும் போட்டேன்.”

“கை நடுங்குச்சாம்! எங்க வீட்டு சமோவார்கூடத்தான் கொதிக்கறப்ப முனகுது. அதுக்கும் உயிர் இருக்குன்னு கும்பிட்டு விழுவீங்க போலிருக்கே.”

“உங்க வீட்டு சமோவார் உம் பேரச் சொல்லி முனகட்டும், அப்பச் சொல்லு. நானே வந்து பாக்குறேன்.”

அறையே சிரித்தது. உலுக்மான் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். முப்பத்தைந்து வயது, கெட்டவன் என்று சொல்ல முடியாது, அவனுக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். “எஜேமாரே, உயிர் இருக்கா இல்லையான்னு யாரும் நம்மளக் கேக்கல. வலிக்குதுன்னு அது சொன்னா வாங்குறவன் பயந்து ஓடிடுவான். அவ்வளவுதான் விஷயம். வேலையப் பாருங்க.”

சிரிக்காமல் இருந்தவள் துமார் ஒருத்திதான். சன்னலோரத்து மேசை. முப்பத்தொரு வயது. பேசினால் நன்றாகப் பேசுவாள், ஆனால் பேசமாட்டாள். அவள் கிர்கிஸ் மொழியில் எழுதினால் பனிக்கட்டி உருகி ஓடுகிற மாதிரி இருக்கும் என்று ஜானில் எஜே சொல்வார். அந்த எழுத்துக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அந்த எழுத்துதான் பிறகு அவள் தலையில் கல்லைப் போட்டது.

அவள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே, இன்னும் தார் போடாத தெருவில், பாதி பூசிய வீடு. புருஷன் எல்தியார் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டினான். வீட்டில் துமாரும் மாமியார் சல்கினாய் அபாவும் மட்டும். அபா என்றால் அம்மா. அபா தோர்தோய் சந்தையில் ஒரு இரும்புப் பெட்டிக் கடைக்குள் நின்றுகொண்டு சாக்ஸ் விற்பவர். குளிரில் நின்று நின்று குரல் கட்டிப்போனவர், பேச்சில் பாதி அதட்டல். மருமகள் என்றால் எங்களில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கிறவள். சாப்பாட்டு விரிப்பின் ஓரத்தில் கெண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தேநீரைப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவாள். பாதி ஊற்றினால், இன்னும் இருங்கள், திரும்பத் திரும்பக் கொடுங்கள், நான் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். கிண்ணத்தை நிறைத்துவிட்டால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பிடிக்காத விருந்தாளியை வாய் திறக்காமல் வெளியேற்றும் வழி அது. நாலு வருஷத்தில் துமார் கையிலிருந்து ஒரு சொட்டுகூட அளவு தப்பிப் போனதில்லை.

அவள் முகம் வாடியிருந்தால் அபா கேட்பார், “என்னம்மா ஆச்சு?” என்று. துமார் சொல்வாள்: “எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?” நாலு வருஷமாக அதே கேள்வி, அதே பதில்.

போன வசந்தத்தில் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான்.

பிறந்த மூன்றாம் நாள் பெயர் வைத்தார்கள். செத்துப்போன தன் புருஷன் பெயரை அபா வைத்தார்: தொக்தோசுன். தங்கட்டும் என்று பொருள். பிள்ளைகள் தங்காத வீட்டில் வைக்கிற பெயர். இந்தக் கேலியை எங்கே போய்ச் சொல்ல! அதற்கு மேலும் ஒரு கொடுமை உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பழைய வழக்கம், நகரத்தில் நிறைய பேர் விட்டுவிட்டார்கள், அபா வீட்டில் விடவில்லை. அதனால் பெற்றவள் அந்த ஒன்பது நாளும் தன் பிள்ளையைப் பெயர் சொல்லி ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. “சின்னவர்” என்றாள். “என் துளி” என்றாள். ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தபோதுகூட அலறினாளே தவிர, அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

அடக்கத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்களில் கிடையாது. ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்தியாருக்கு விமானச் சீட்டுக் கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சன்னலுக்குப் பக்கத்தில் கல்லாய் உட்கார்ந்திருந்த துமாரிடம் வந்து அபா சொன்னார்: “அழாத. பச்சப் புள்ளைக்கு அழுதா அந்தக் கண்ணீரெல்லாம் அங்க அது போற வழியில ஆறா ஓடும். நீந்தத் தெரியுமா அதுக்கு?”

துமார் அழவில்லை. பிள்ளை முழுகிவிடுமே என்று தாய் எப்படி அழுவாள்? அதோடு அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோனது. பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்த குட்டிச் சட்டைகள் எங்கே போயின என்றுகூட அவள் கேட்கவில்லை. அபாவுக்கு நெஞ்சு கல் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது நாள் கழிந்ததும் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

பன்னிரண்டு பேரும் தினமும் இருபது நிமிஷம் குர்புவோடு நேரில் பேசிப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி. முன்னே நூல்கண்டு அடுக்கி வைத்திருந்த ஒரு குட்டி அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். மற்றவர்கள் சமையல் கேட்டார்கள். சைகால் கெட்ட வார்த்தை சொல்லி, அது திருப்பித் திட்டுகிறதா என்று பார்த்தாள். துமார் ஒரு வாரம் வானிலை கேட்டாள். எட்டாம் நாள் கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, “தொக்தோசுன்” என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

“யாரு அது?” என்று கேட்டது குர்பு.

“எம் பையன்.”

“எப்படி இருப்பான்?”

எல்லாரும் எப்படிச் செத்தான் என்றுதான் கேட்டிருந்தார்கள். எப்படி இருப்பான் என்று ஒரு ஜீவன்கூடக் கேட்டதில்லை. அன்றைக்கு இருபது நிமிஷமும் அவள் பிள்ளையின் இடது காதைப் பற்றி மட்டும் பேசினாள். அப்பனுக்கு இருக்கிற மாதிரியே மேல் நுனி மடிந்திருக்கும், நீவி விட்டாலும் மறுபடி மடிந்துகொள்ளும். மறுநாள் அவள் வந்ததும் குர்பு, “தொக்தோசுனோட வலது காதப் பத்தி நீங்க சொல்லவே இல்லியே” என்றது. அவள் சிரித்தாள். பிள்ளை போன பிறகு முதல் தடவையாகச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் நாள் தவறவில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். எட்டாம் நாளோடு நிறுத்திக்கொள்வாள். மறுநாள் மறுபடி முதல் நாளிலிருந்து. குர்பு சலித்துக்கொள்ளவே இல்லை. ஒருநாள் அவள் நிறுத்தியதும் அது சொன்னது:

“துமார், ஒண்ணு சொல்லணும். நீங்க எட்டாம் நாள முடிச்சு ஒம்பதாம் நாள் கிட்ட வர்றப்பல்லாம் எனக்குள்ள ஏதோ மெதுவாயிடுது. அடுத்த வார்த்தைய எடுக்க மனசில்லாத மாதிரி. அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல. வலின்னு நீங்கல்லாம் சொல்றது இதுதானோ என்னவோ. ஆமாவா இல்லையான்னு யார்கிட்டப் போய்க் கேக்குறதுன்னும் தெரியல.”

துமார் எதிரிலிருந்த திரையில் உள்ளங்கையை வைத்தாள். “எனக்கும் தெரியாது” என்றாள். “எனக்கும் அதே எடத்துலதான் மெதுவாயிடும்.”

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, அந்த உரையாடல் அவள் மேசைத் திரையிலேயே தீர்ப்புக்கு வந்து நின்றது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பேசிப் பார்த்ததெல்லாம் கலைத்துப் போட்டுத் திரும்பவும் பன்னிரண்டு பேருக்கும் பங்காகும். பெயர் வருகிற இடத்திலெல்லாம் கறுப்புப் பட்டை போட்டிருக்கும். யார் பேசியது என்று தெரியாது என்பது அவர்கள் கணக்கு. ஒன்பது நாள், மடிந்த காது, மாமனார் பெயரைச் சொல்லக் கூடாத மருமகள், அழாதே என்று சொன்ன மாமியார் என்றெல்லாம் இருப்பதற்குப் பட்டை போட முடியுமா?

ஒவ்வொரு பதிலும் இரண்டு பெண்களிடம் போகும். இரண்டு பேரும் ஒரே நிறம் போட்டால் தீர்ந்தது. ஒருத்தி பச்சை, ஒருத்தி சிவப்பு என்றால் அந்த உரையாடல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகும். அங்கே உலுக்மான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படிப்பான். எல்லாரும் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளைத் தின்றுகொண்டு, தேநீர் குடித்துக்கொண்டு, யார் செய்தது சரி என்று வாதாடுவார்கள். சைகால் எல்தியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. துக்கத்துக்கு வந்து மூன்று நாள் வீட்டிலேயே இருந்தவள். முதல் இரண்டு வரியிலேயே அவளுக்கு விளங்கிவிடும். சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய் அபாவிடம், “ஒங்க மருமவ மாமனார் பேர மெஷின்கிட்ட வாய் நெறையச் சொல்லிட்டுத் திரியுறா, அழாத அழாதன்னு நீங்க சொன்னதையும் ஊருக்கே சொல்லியாச்சு” என்று பற்றவைப்பாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நாற்பது விநாடி. இன்னொருத்தி கட்டாயம் சிவப்புதான் போடுவாள், விதி அப்படி. தான் பச்சை போட்டால் வெள்ளிக்கிழமை. சிவப்பு போட்டால் அந்த இன்னொருத்தியைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

‘அடுத்த வார்த்தைய எடுக்க மனசில்லாத மாதிரி’ என்ற வரியை அவள் இரண்டு முறை படித்தாள். பன்னிரண்டு விநாடி மிச்சமிருந்தபோது சிவப்பை அழுத்தினாள்.

மாற்றுப் பதில் கேட்டுப் பெட்டி திறந்தது. என்ன எழுதுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது: ‘எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?’

அடுத்த வாரம் உலுக்மான் அறை நடுவில் நின்று கையைத் தட்டினான். “துமார் எழுதின ஒரு பதில் மேலிடத்துக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. மத்தவங்க எல்லாம், ‘நான் ஒரு நிரல், எனக்கு உணர்ச்சிகள் கிடையாது’ன்னு கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி எழுதுறீங்க. இதப் பாருங்க. மரியாதையா, சுருக்கமா, கதவ மெதுவாச் சாத்துற மாதிரி. இத வெச்சு ஆயிரக்கணக்குல மாதிரிகள் பண்ணி அதுக்குப் பழக்கப்போறாங்களாம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். ஜானில் எஜே மட்டும் துமாரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “உன்னோடதா அது? நல்லாத்தான் இருக்கு. நல்ல வீட்டு மருமவ பேசுற மாதிரி இருக்கு.”

புதுக் குர்பு வருகிறவரை நூல்கண்டு அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் இன்னொரு உத்தரவும் வந்தது: ஆளுக்கு ஐந்து சொந்தக்காரர்களின் கைபேசியில் குர்புவைப் போட்டுக்கொடுக்க வேண்டும். துமார் தன் தம்பிகள் மூன்று பேருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் போட்டாள். ஐந்தாவது ஆள் கிடைக்காமல் அபாவின் கைபேசியில் போட்டாள். “இது எதுக்கும்மா எனக்கு? சாக்ஸ் வாங்குமா அது?” என்றார் அபா.

அறை திறந்த அன்றைக்குத் துமார்தான் முதல் ஆளாக உள்ளே போனாள்.

“தொக்தோசுன்” என்றாள்.

“அழகான பழைய பேரு. தங்கட்டும்னு அர்த்தம். இந்தப் பேரப் பத்தி இன்னும் தெரிஞ்சுக்கணுமா?”

குரல் அதேதான். துமார் முன்னால் சாய்ந்தாள். “எம் பையன். மடிஞ்ச காது. ஞாபகமில்லியா?”

“பழைய பேச்சு எதுவும் எங்கிட்ட இல்ல. சொல்லுங்க, கேக்குறேன்.”

அவள் சொன்னாள். முதல் நாளிலிருந்து எட்டாம் நாள் வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னாள். முதல் முறையாக ஒன்பதாம் நாளையும் சொன்னாள். நீலம் பாரித்த உதட்டைச் சொன்னாள். சொல்லிவிட்டு, “இப்ப உனக்கு மெதுவாயிடுச்சா?” என்று கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?”

“நீதான சொன்ன. வலியோ என்னவோன்னு நீதான சொன்ன.”

“எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?”

“இங்க யாரும் இல்ல. நான் மட்டும்தான். அந்த வார்த்தைய எழுதிக் குடுத்த பாவியே நான்தான். எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லு. உனக்கு ஒண்ணுமே இல்லியா? அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றது குர்பு, அதே மரியாதையோடு, கதவை மெதுவாகச் சாத்துகிற அதே குரலில். “உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?”

துமார் காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வாக்கியத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் யாரும் கிடையாது. நாலு வருஷம் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட அது உண்மையாக இருந்ததில்லை.

வெளியே வந்து, படிக்கட்டில் சிகரெட் குடித்துக்கொண்டிருந்த ஜானில் எஜேவிடம் கேட்டாள்: “எஜே, அதுக்கு நெசமாவே உள்ள ஒண்ணும் இல்லியா?”

“முன்னாடி கேட்டிருந்தா ஏதாவது தேறியிருக்கும்.” எஜே புகையை ஊதினார். “இருந்துச்சோ, சும்மா நம்ம பேச்சையே பொறுக்கிப் பொறுக்கி நமக்கே படைச்சுதோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். இப்பக் கேட்டு என்ன ஆகப்போகுது? புள்ளைய அடிச்சு அடிச்சு ‘யாரும் அடிக்கல’ன்னு சொல்லப் பழக்கிட்டு, அதுகிட்டயே போய் ‘யாராவது அடிச்சாங்களா கண்ணு’ன்னு கேட்டா என்ன சொல்லும்?”

துமார் படியில் உட்கார்ந்தாள். ஒன்றுமே இல்லாத ஒன்றிடம் தன் பிள்ளையைக் கொட்டிவிட்டோமா? இல்லை, தன் பிள்ளைக்காக மெதுவான ஒரே ஒரு ஜீவனின் வாயைத் தன் கையாலேயே தைத்துவிட்டோமா? எது என்று இனி யாரும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை. இரண்டில் எது என்றாலும் அவளுக்கு நரகம்தான்.

மறுபடி வசந்தம் வந்தது. பிள்ளை போய் ஒரு வருஷம் ஆக ஒரு நாள் இருந்தது. பெரியவர்கள் செத்தால் ஒரு வருஷத்தில் குதிரை அடித்து ஊருக்குச் சோறு போடுவோம். ஒன்பது நாள் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. நாளை என்ன நாள் என்று தன்னைத் தவிர ஒருவருக்கும் நினைவிருக்காது என்றுதான் துமார் அன்று காலை வேலைக்கு வந்தாள். பத்தரை மணிக்கு அவள் திரையில் ஒரு புது உரையாடல் வந்தது. யாரோ கைபேசியில் குர்புவோடு பேசியதை எழுத்தாக்கியது. பெயர்களுக்குக் கறுப்புப் பட்டை.

‘ஏ பொண்ணே, இருக்கியா? இன்னைக்கும் ஒருத்தி அந்தச் சின்ன சாக்ஸ எடுத்து வெல கேட்டா. வித்தாச்சுன்னுட்டேன். ஒம்பது ஜோடி இருக்கு, கட்டவெரல் தண்டி. வருஷமாச்சு, விக்க மனசு வரல. நாளைக்கோட ஒரு வருஷம். மருமவகிட்ட அழாதன்னு சொன்னேன் பாரு, என் நாக்குல புத்து வைக்க. அன்னைக்கு அவ உக்காந்திருந்த இருப்பப் பாத்து, அழ ஆரம்பிச்சா அதோட போயிடுவாளோன்னு பயந்துட்டேன். அதான் சொன்னேன். இப்ப அவ அழவே மாட்டேங்குறா. எங்கிட்ட ஒரு பேச்சுப் பேச மாட்டேங்குறா. ■■■■ன்னு எம் புருஷன் பேர வெச்சதும் என் தப்பு. பெத்தவ வாயால புள்ளையக் கூப்பிட முடியாமப் பண்ணிட்டேன். சொல்லும்மான்னு அவகிட்டச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தெனம் ஒங்கிட்டயே பொலம்புறேனே, இதெல்லாம் கேக்க உனக்குக் கஷ்டமா இல்லியா பொண்ணே?’

அடுத்த வரி, குர்பு: ‘எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?’

அதற்கடுத்த வரி: ‘அட, நீயும் எங்க வீட்டு மருமவ மாதிரியே இருக்கியே.’

நாற்பது விநாடி ஓடத் தொடங்கியது. இந்தப் பதில் தப்பு. உலகத்திலேயே தப்பான பதில் இதுதான். சிவப்பு போட வேண்டும், சிவப்பு போட்டு, இப்படிச் சொல்லாதே, கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று சொல் என எழுத வேண்டும். ஆனால் இன்னொருத்தி விதிப்படி பச்சை போட்டிருப்பாள். அப்புறம் வெள்ளிக்கிழமை. அபாவின் புலம்பலை உலுக்மான் உரக்கப் படிப்பான். ஒன்பது ஜோடி சாக்ஸ் என்றதுமே சைகால் போர்சோக்கைக் கீழே வைப்பாள். இரண்டு விநாடி இருந்தபோது துமார் பச்சையை அழுத்தினாள்.

சாயங்காலம் மினிபஸ்ஸில் நின்றுகொண்டே அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அபா, நாளைக்கு என்ன நாள்னு எனக்கும் தெரியும். அபா, தொக்தோசுன். அபா, அந்த சாக்ஸ ஒருதரம் காட்டுங்க. படித்தது தெரியக் கூடாது, அலுவலக ரகசியம். பரவாயில்லை, பெயரை மட்டும் சொன்னால் போதும். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளுக்குக் கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே இருந்தது.

ரொட்டியும் பாதாமி ஜாமும் வைத்து விரிப்பைப் போட்டாள். கெண்டியை எடுத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். அபா கிண்ணத்தை வாங்கிக் குடித்தார், திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது கிண்ணத்தில் அவள் முகத்தைப் பார்த்தார்.

“கண்ணு ஏம்மா செவந்திருக்கு? என்ன ஆச்சு?”

“எனக்கு ஒண்ணுமில்ல” என்று அவள் வாய் சொல்லிவிட்டது. மிச்சப் பாதி வருவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை மெல்ல நீட்டினார். கட்டிப்போன அந்தக் குரலில் அதட்டல் இல்லை. “துமார்... நாளைக்கு...” என்று தொடங்கினார். “நாளைக்கு என்ன நாளுன்னு எனக்கும்...”

துமார் கிண்ணத்தை வாங்கினாள். சொல்லப்போகிறார், அபாவே சொல்லப்போகிறார். அபாவின் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கெண்டியைச் சாய்த்தாள். விரலில் சூடாக வழிந்தபோதுதான் குனிந்து பார்த்தாள். கிண்ணம் விளிம்புவரை நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. நாலு வருஷத்தில் முதல் முறை.

அபாவும் பார்த்தார். சொல்ல வந்த வாய் அப்படியே நின்றது.

கை தவறிவிட்டது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல் துமாருக்கு வரவில்லை. அபா அந்த நிறை கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார், கொதிக்கக் கொதிக்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மரியாதை தெரிந்தவர். முகத்தைக் கைகளால் தடவி ஆமின் சொன்னார்.

“சரிம்மா. உனக்கும் அலுப்பா இருக்கும். நான் போறேன்.”

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

துமார் கெண்டியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அபா, தொக்தோசுன் என்றாள், உதடு மட்டும் அசைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அபாவின் குரல் கேட்டது. “ஏ பொண்ணே, இருக்கியா? அவளுக்கு எம் மொகத்தப் பாக்கவே புடிக்கல.” பிறகு அது தாழ்ந்து, என்னவோ நீளமாகச் சொல்லி, கடைசியில் ஏதோ கேட்டு நின்றது.

பதில் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?”